கொழுந்து மடுவத்த வாசிகசாலையாக்குற டிசைன்: மூடுபனிக்கு ஒரு வெளிச்சக் கணக்கு

கட்டடக்கலைப் படிப்புல மூணாம் வருஷ ஸ்டூடியோவுக்கு (டிசைன் வகுப்புக்கு) குடுத்த தலைப்பு ரொம்ப சுருக்கம். உங்க ஊர்ல ஏற்கனவே நிக்கிற ஒரு கட்டடத்த எடுங்க, பகல்ல லைட் போடாம படிக்கிற மாதிரி வாசிகசாலையா மாத்துங்க, அவ்வளவுதான். கூட படிக்கிறவங்க கொழும்பு, கம்பஹா, மாத்தறைன்னு எடுத்தாங்க, அவங்களுக்கு எல்லாம் பிரச்சினை வெயிலு, அத எப்படி மறைக்கிறது, சூட்ட எப்படி கொறைக்கிறதுன்னே ஸ்டூடியோ முழுக்க பேச்சு. நான் எடுத்தது மலையகத்துல டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல சும்மா கெடக்குற பழைய கொழுந்து மடுவம். அங்க ஆனி ஆடி மாசத்துல பகல் ரெண்டு மணிக்கே எதிர்ல நிக்கிற கிரவிலியா மரம் கண்ணுக்கு தெரியாது, அப்படி மூடுபனி. அந்த ஊருக்கு வெயில் மறைக்கிற டிசைன் கொண்டு போனா நம்மள பார்த்து சிரிப்பாங்க.

அதனால மேற்கு மலைச்சரிவுல வாசிக்கிற எடம் டிசைன் பண்றவங்களுக்கு நான் சொல்றது, சூரியன ரெண்டாவதா வைங்க, மேகம் மூடின வானத்த மொதல்ல வைங்க. மத்ததெல்லாம், ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு ஒசரம், மேசை எப்படி போடுறது, சுவருக்கு என்ன பூசுறது எல்லாமே அதுல இருந்துதான் வந்துச்சு.

மடுவம்னா வெளியூர் ஆளுங்களுக்கு தெரியாது, அதனால சொல்லிடுறேன். மலையில கொழுந்து எடுத்து முடிச்சதும் கூடையோட வந்து நிறுவைக்கு நிக்கிற கொட்டகை. நாலு பக்கமும் தெறந்து, இடுப்பு ஒசரத்துக்கோ நெஞ்சு ஒசரத்துக்கோ கல் சுவர், மேல தகரம். நான் எடுத்த மடுவம் 30 அடிக்கு 18 அடி, கல் சுவர் 4 அடி ஒசரமும் ஒண்ணரை அடி கனமும், தகரத்தோட இறவாணம் (சுவருக்கு வெளிய நீட்டுற கூரை விளிம்பு) 8 அடில இருக்கு, நீளவாக்கு கெழக்கு மேக்கா ஓடுது. வடக்குப் பக்கம் பள்ளத்தாக்கு, ஒண்ணும் மறைக்காது. தெக்குப் பக்கம் மலைய வெட்டி எடுத்த மண் மேடு, அதுக்கு மேல தேயில. நிறுவை வேற எடத்துக்கு மாறினதுல இருந்து அங்க பழைய கூடையும் உடைஞ்ச தராசு ஒண்ணும்தான் குடியிருக்கு.

யாரு படிக்க வர்றாங்கன்றதுதான் அடுத்தது. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஒரு காம்பிரா (அறை) 10 அடிக்கு 12 அடி, அதுல ஒரு குடும்பம், ஒரு பல்பு, ஒரு டிவி, இதுக்கு நடுவுல ஓ லெவல் ஏ லெவல் எடுக்குற புள்ள. ஜன்னல்னு பேருக்கு ஒண்ணு இருக்கும், பின்னாடி லயம் ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் இருக்காது. காலையில பேப்பர் பார்க்க நாலஞ்சு தாத்தாமாரு வருவாங்க, வீரகேசரிய ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு வெளிச்சம் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல. ஆனா ஸ்கூல் புள்ளைங்க வர்ற நேரம் பகல் மூணுல இருந்து அஞ்சரை. அதாவது மூடுபனி ஏறி வர்ற அதே நேரம். இத எழுதி வச்சதுமே டிசைனோட பாதி முடிவாயிருச்சுன்னுதான் சொல்லணும், ஏன்னா பகல் 12 மணிக்கு அழகா இருக்குற ரூம் யாருக்கும் வேணாம், ஜூன் மாசம் நாலரை மணிக்கு மேசையில புக்க விரிச்சா எழுத்து தெரியணும், அதுதான் பரீட்சை.

இப்ப சூரியன் கதைக்கு வருவோம். புத்தகத்துல எல்லாம் 'வடக்கு வெளிச்சம்தான் வாசிக்க நல்லது, அதுல நேர் வெயில் வராது'ன்னு இருக்கும். அது எழுதினவங்க ஊரு 40, 50 பாகை வடக்குல. டிக்கோயா கிட்டத்தட்ட 7 பாகை. இங்க ஏப்ரல் 7 பக்கமும் செப்டம்பர் 5 பக்கமும் உச்சி நேரத்துல சூரியன் சரியா தலைக்கு மேல நிக்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள மாசங்கள்ல அது வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கும், ஜூன் 21ல வடக்குல 74 பாகை ஒசரத்துல. டிசம்பர் 21ல தெக்குல 60 பாகை. அப்ப வடக்கு ஜன்னலுக்கு அஞ்சு மாசம் வெயில், தெக்கு ஜன்னலுக்கு ஏழு மாசம் வெயில், ரெண்டுமே புத்தகத்துல சொன்ன மாதிரி 'சுத்தமான' பக்கம் இல்ல.

ஆனா இங்கதான் மலை நமக்கு ஒரு உதவி பண்ணுது. சூரியன் வடக்குல இருக்குற மே - செப்டம்பர்தான் தென்மேல் பருவமழை, அந்த மழைய முழுசா வாங்கிக்கிறது மேற்குச் சரிவு. கினிகத்தேனைக்கு இங்கிட்டு உள்ள வட்டவளையில வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை. அப்ப சூரியன் வடக்குல இருந்தாலும் மேகத்துக்குப் பின்னாடிதான் இருக்கும். அது தெக்கு பக்கம் போற டிசம்பர் ஜனவரில நம்ம பக்கம் மழை கொறைஞ்சு வானம் தெறக்கும், குளிரும் அப்பதான். ஆக வடக்கு ஜன்னல் பெருசா வைக்கலாம், புத்தகம் சொன்ன காரணத்துக்காக இல்ல, நம்ம மழைக்காலம் பண்ற உபகாரத்துக்காக. இதே கட்டடத்த மலைக்கு கெழக்க உள்ள பதுளை பக்கம் தூக்கி வச்சா கணக்கு தலைகீழ், அங்க மழையும் மேகமும் வடகீழ் பருவத்துல, டிசம்பர் பக்கம், ஜூன் ஜூலை எல்லாம் காஞ்சு வெயிலடிக்கும். மலையகம்னு ஒரே பேருல சொல்றோமே தவிர வெளிச்சத்துக்கு அது ரெண்டு ஊரு.

நேர் வெயில் எப்பவாவது வந்தா மேசையில விழக் கூடாது, அதுக்கு இறவாணம். ஜன்னல் தலை இறவாணத்த ஒட்டி, கண்ணாடி 4 அடி, இறவாணம் வெளிய 2 அடி நீட்டினா ஜூன் மாசத்துல காலை 9ல இருந்து பகல் 3 வரை வடக்குக் கண்ணாடில வெயில் ஏறாது. எட்டு மணிக்கு ஏறும், ஆனா எட்டு மணிக்கு வாசிகசாலைல யாரு, கதவ தெறக்குறவர் மட்டும்தான். தெக்குல கண்ணாடி ஒண்ணே முக்கால் அடிக்கும் கொஞ்சம் கொறைவு, அதுக்கு ஒண்ணரை அடி இறவாணம் டிசம்பர்ல அதே 9 - 3 நேரத்துக்கு போதும். உச்சி நேரக் கோணத்த மட்டும் வச்சு கணக்கு போட்டா வடக்குல ஒரு அடிக்கும் கொஞ்சம் மேல நீட்டினாலே போதும்னு வரும், அத நம்பி கட்டினா ஒன்பது மணிக்கே மேசைல வெயில். சூரியன் ஜன்னலுக்கு நேரா நிக்காம சாஞ்சு வர்ற நேரத்துக்கும் சேர்த்து பார்க்கணும்.

சூரியன் பங்கு அவ்வளவுதான். இனி வானம்.

மேகம் முழுசா மூடின வானம் எல்லா எடத்துலயும் ஒரே வெளிச்சமா இருக்காது. உச்சில இருக்குற வெளிச்சம் அடிவானத்துல இருக்குறதப் போல மூணு மடங்கு, இது 1942ல மூன், ஸ்பென்சர்னு ரெண்டு பேரு குடுத்த கணக்கு, இன்னைக்கும் மேகம் மூடின வானத்துக்கு பகல் வெளிச்சக் கணக்கு பெரும்பாலும் இதுலதான் ஓடுது. அப்ப ஜன்னல எவ்வளவு ஒசத்துறோமோ அவ்வளவுக்கு வானத்தோட வெளிச்சமான பகுதி உள்ள இருந்து தெரியும். மேசை மட்டத்துக்கு கீழ உள்ள கண்ணாடி மேசைக்கு ஒண்ணும் தராது, வீண் செலவு, குளிருக்கு ஒரு ஓட்டை. மடுவத்தோட கல் சுவர் ஏற்கனவே 4 அடின்றதால அதுக்கு மேல இறவாணம் வரை முழுக்க கண்ணாடின்னு முடிவெடுக்க யோசிக்கவே வேண்டியிருக்கல.

உச்சி வானம்தான் வெளிச்சம்னா கூரையிலயே ஓட்டை போடலாமேன்னு யாரும் கேப்பாங்க. டிசைன முன்னாடி வச்சு விமர்சிக்கிற கிரிட்ல சேர் கேட்டதும் இதுதான். ஆல்வார் ஆல்டோன்ற கட்டடக் கலைஞர் பின்லாந்துல கட்டின வீபூரி நூலகம் (1935ல முடிஞ்சது, இப்ப அந்த ஊரு ரஷ்யாவுல) தெரியுமான்னார். தெரியும். அந்த வாசிப்பு மண்டபத்து கூரையில 57 வட்டக் கண்ணாடி, ஒவ்வொண்ணும் ஆழமான கூம்பு மாதிரி, வெயில் கூம்போட சுவருல பட்டு சிதறி வெறும் வெளிச்சமா கீழ இறங்கும், புக்குல நிழல் விழாது, கண்ணு கூசாது. ஆனா அது ஏன் வேலை செய்யுதுன்னா அந்த ஊரு 60 பாகைக்கும் மேல வடக்குல, வருஷத்துலயே ஒசந்த சூரியன் அங்க 53 பாகைய தாண்டாது, சாஞ்ச வெயிலு கூம்புக்குள்ளயே மாட்டிக்கும். நம்ம ஊர்ல ஏப்ரல்ல சூரியன் 90 பாகை. எவ்வளவு ஆழமா கூம்பு கட்டினாலும் உச்சி நேரத்துல வெயில் கெணத்துல கல்லு போட்ட மாதிரி நேரா மேசைக்கு வந்துரும். ஏப்ரல் காலைகள் நம்ம பக்கம் பளிச்னு இருக்குற காலம் வேற, இடி மழை பின்னேரம்தான் வரும். சேர் இத ஒத்துக்கிட்டார், 'அப்ப உங்க ஊரு ஆல்டோ யாரு?'ன்னு அடுத்த கேள்வி போட்டார்.

எனக்கு அதுக்கு பதில் ரெடியா இருந்துச்சு: தேயிலை ஸ்டோரு. தோட்டத்துல தொழிற்சாலைய ஸ்டோருன்னுதான் சொல்லுவோம். அதோட மேல் மாடிகள்லதான் கொழுந்து வாட்டுறது, பழைய காலத்துல மெசின் காத்து இல்லாம சாக்குத் துணித் தட்டுகள்ல பரப்பி வெளிக்காத்துலயே வாட்டினாங்க, அதுக்காக மாடியோட ரெண்டு பக்கமும் இந்த மூலைல இருந்து அந்த மூலை வரைக்கும் ஜன்னல் வச்சாங்க. காத்துக்காக வச்ச ஜன்னல்தான், ஆனா வெளிச்சமும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும், நடுவுல நின்னாலும் முகத்துல நிழல் விழாது. கந்தப்பளையில ஹெதர்செட் ஸ்டோர ஹோட்டலாக்கி இருக்காங்க, வெளிய இருந்து பார்த்தாலே அந்த ஜன்னல் வரிசை தெரியும். இவ்வளவு நல்ல பாடம் வீட்டுக்கு மேலயே நிக்க, பசங்க பின்லாந்து படத்த பிரின்ட் எடுத்து ஒட்டிக்கிட்டு இருக்குறது எனக்கு எப்பவுமே கொஞ்சம் எரிச்சல்தான். ஆல்டோ மேல எனக்கு கோபம் இல்ல.

சரி, ரெண்டு பக்க ஜன்னல். ஒரு பக்கம் மட்டும் போதாதுன்னு எப்படி தெரியும்னா, ஜன்னல் தலை ஒசரத்தப் போல ரெண்டுல இருந்து ரெண்டரை மடங்கு தூரம் வரைதான் வெளிச்சம் ஒழுங்கா போகும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. 8 அடி ஜன்னல் தலைக்கு 16ல இருந்து 20 அடி. மடுவம் 18 அடி ஆழம், அதாவது விளிம்புல நிக்குது, தெக்குச் சுவர் ஓரம் உக்காருற புள்ள இருட்டுலதான் உக்காரும். அதனால வடக்குல 26 அடி நீளத்துக்கு 4 அடி கண்ணாடி, தெக்குல அதே நீளத்துக்கு இறவாணத்துக்கு கீழ ஒண்ணே முக்கால் அடிக்கும் கொறைவான ஒரு பட்டி.

எவ்வளவு வெளிச்சம் வரும்னு பார்க்க சராசரி பகல் வெளிச்ச விகிதம்னு ஒரு கணக்கு இருக்கு. வெளிய தெறந்த வெளில 100 பங்கு வெளிச்சம் இருந்தா உள்ள எத்தன பங்கு, அவ்வளவுதான் அர்த்தம். கண்ணாடியோட பரப்பு, அது எவ்வளவு வெளிச்சம் விடும், ஜன்னல்ல இருந்து தெரியுற வானத்தோட கோணம், இந்த மூணையும் பெருக்கி, ரூமோட மொத்த உள் பரப்பையும் சுவரெல்லாம் வெளிச்சத்த திருப்பி அனுப்புற அளவையும் வச்சு வகுக்கணும். மடுவத்துக்கு உள் பரப்பு எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 178 சதுர மீட்டர். பிரேம் கழிச்சு வடக்குக் கண்ணாடி 7.7 சதுர மீட்டர், வானக் கோணம் 60 பாகை. தெக்குல 3.2 சதுர மீட்டர், அங்க மண் மேடு மறைக்கிறதால கோணம் 45 தான். கண்ணாடில தூசும் பாசியும் படியும்னு கழிச்சு விடுற அளவு 0.72. சுவர் திருப்புற அளவு சராசரி 0.5ன்னு வச்சா வடக்குல 2.5 சதவீதம், தெக்குல 0.8, மொத்தம் 3.3 சதவீதம். 2க்கு கீழ போனா பகல்லயே லைட் எரியும், 5 இருந்தா லைட்டே தேவைப்படாதுன்றது பொதுவா எல்லாரும் எடுக்குற அளவுகோல், அதுல நம்ம ரூம் நடுவுல நிக்குது.

இத நேரத்தோட சேர்த்துப் பார்த்தாத்தான் உபயோகம். ஜூன்ல நாலரை மணிக்கு மேகம் மூடின வானத்துக்கு கீழ வெளிய சுமார் 9000 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) இருக்கும்னு கணக்கு வரும், அப்ப உள்ள சராசரி 300 லக்ஸ், புக்கு வாசிக்க தாராளம். அஞ்சரைக்கு வெளிய 4000 பக்கம் இறங்கிரும், உள்ள 130, அப்ப லைட் போடத்தான் வேணும். அடர்த்தியான மூடுபனியும் மழையும் சேர்ந்தா இதுலயும் கொறையும். 'பகல்ல லைட் போடாம'ன்ற தலைப்புக்கு நான் எழுதிக் குடுத்த பதில், நாலரை வரை போடாம, அதுக்கு அப்புறம் கொஞ்சமா போட்டு. அத ஒளிக்க வேண்டிய காரணம் எனக்கு தெரியல.

கணக்க பேப்பர்ல விடாம மாடல் செஞ்சு பார்த்தோம். வெளிச்சத்துல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, மாடல் சின்னதா இருந்தாலும் வெளிச்சம் ஏமாத்தாது. காத்து, சூடு எல்லாம் சின்ன மாடல்ல வேற மாதிரி நடந்துக்கும், வெளிச்சம் அப்படி இல்ல, ஜன்னல் அளவும் உள் நிறமும் சரியா இருந்தா பெரிய ரூம்ல வர்ற அதே விகிதம் 3 அடி அட்டை மாடல்லயும் வரும். 10ல ஒரு பங்கு அளவுக்கு அட்டையில மடுவம் செஞ்சு, உள் சுவருக்கு உண்மையா பூசப்போற சுண்ணாம்பையே பூசி, அத மடுவத்துக்கு முன்னாடி உள்ள தட்டுல மேசை போட்டு வச்சோம். போன்ல லக்ஸ் பார்க்குற ஆப் இருக்கே, அது சொல்ற நம்பர தனியா நம்ப முடியாது, ஒவ்வொரு போனும் ஒண்ணு சொல்லும், ஆனா ஒரே போன உள்ள ஒரு தடவ வெளிய ஒரு தடவ அடுத்தடுத்து வச்சு விகிதம் மட்டும் எடுத்தா தப்பு பெரும்பாலும் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். இதுக்கு வானம் முழுசா மூடியிருக்கணும், வெயில் எட்டிப் பார்த்தா அளவு செல்லாது. கொழும்பு பசங்க அப்படி ஒரு நாளுக்கு காத்துக்கிட்டு இருக்க, எங்களுக்கு வானம் தெனமும் ரெடியா நின்னுச்சு.

மாடல்ல தெக்குப் பட்டிய அட்டை வச்சு பொத்தினதும் என்ன ஆச்சுன்றதுதான் ஜூரில எல்லாரும் குனிஞ்சு பார்த்த எடம். சராசரி என்னமோ கொஞ்சம்தான் கொறைஞ்சுச்சு. ஆனா தெக்குச் சுவர் ஓர மேசையில வெளிச்சம் பாதிக்கும் கீழ விழுந்துச்சு, போன்ல படம் எடுத்தா அந்த ஓரம் கறுப்பாவே வந்துச்சு, வடக்கு ஜன்னல் வெள்ளையா எரிஞ்சுச்சு. சராசரிய மட்டும் பார்த்து டிசைன் பண்றவங்களுக்கு அந்த சின்னப் பட்டி தேவையில்லாத செலவா தெரியும். மாடல் ஓரத்துல சூரியக் கடிகாரப் படம் ஒண்ண 7 பாகைக்கு வரைஞ்சு ஒட்டினா, வெயில் நாள்ல மாடல கையில சாய்ச்சு சாய்ச்சு ஜூன் 9 மணி, டிசம்பர் 3 மணின்னு எந்த நேரத்து வெயிலயும் உள்ள கொண்டு வந்து பார்க்கலாம், இறவாணக் கணக்க அப்படித்தான் சரி பார்த்தோம்.

தெக்குப் பக்கம் அந்த மண் மேடு இல்லேன்னா வெளிச்சம் இன்னும் வரும், மேட்ட ஒரு நாலடி வெட்டிட்டா என்னன்னு ஒரு நண்பன் கேட்டான். வெட்டக் கூடாது, பேச்சே இல்ல. கொஸ்லந்தை மீரியபெத்த 2014 அக்டோபர் 29ல மண்சரிவுல லயத்தோட போன ஊரு. மலையில கட்டுறதுன்னா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு அனுமதி எடுக்கணும், எடுக்க வேண்டியும் இருக்கு, ஆனா அனுமதி கெடைச்சாலும் வெளிச்சத்துக்காக மேட்டோட கால வெட்டுறது புத்தி இல்ல. அதனாலதான் தெக்கு ஜன்னல் மேட்டு தலைய தாண்டி வானத்த பார்க்குற ஒசரத்துல நிக்குது. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி ஓடுற கான ஆழமாக்கி, மேட்டுல இருந்து ஊறுற தண்ணி சுவர தொடாம திருப்பி விடுறதோட சரி.

மேசன் பாஸ் ஒருத்தர் கூட மடுவத்த சுத்தி வந்தப்ப நடந்த பேச்சு இது. நான் தெக்குப் பட்டிய தெறக்குற ஜன்னலா வரைஞ்சிருந்தேன், காத்து குறுக்க ஓடட்டும்னு.

"மகள், இதுல கீல் போடப் போறீங்களா?"

"ஆமா பாஸ் மாமா, காத்து வேணுமே, புக்கு எல்லாம் பூஞ்சணம் புடிக்குமே."

"காத்து வேணும்தான். ஆனா மழை எங்கிட்டு இருந்து வருது? இந்தா இந்த மூலைல இருந்து" தென்மேக்க கை காட்டினார், "சாச்சு அடிக்கும். தெறக்குற ஜன்னல் வச்சா ஒரு வருஷத்துல பலகை ஊதிரும், அப்புறம் மூடாது, அப்புறம் யாராச்சும் தகரத்த வச்சு அடைச்சிருவாங்க. உங்களுக்கு வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல."

இதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு. தெக்குக் கண்ணாடி முழுக்க அசையாத கண்ணாடி ஆச்சு, இறவாணத்துக்கு அடில மழை ஏறாத மாதிரி குறுகலா மரச் சட்டங்கள், அதுல காத்து மட்டும் போகும். தெறக்குற ஜன்னல் எல்லாம் வடக்குல. கெழக்குல கதவு. மேக்குச் சுவர்ல ஜன்னலே கெடையாது, பின்னேர வெயில் சாஞ்சு வர்ற பக்கமும் அதுதான், மழைச் சாரல் அடிக்கிற பக்கமும் அதுதான், அந்தச் சுவர் முழுக்க அலமாரி. புக்குக்கு வெளிச்சம் வேணாம், வாசிக்கிறவங்களுக்குத்தான் வேணும். அலமாரி சுவருல ஒட்டாம நாலு விரல் தள்ளி நிக்கும், பின்னாடி காத்து போகாட்டி பூஞ்சணம் நிச்சயம்.

கூரையில ட்ரான்ஸ்பரண்ட் ஷீட் போடலாமேன்னு தோட்டத்து ஆளுங்க எல்லாருமே கேட்டாங்க, லயத்து குசினில அப்படித்தானே ஒரு ஷீட் போடுறோம், மலிவு, ஒரே நாள்ல வேலை முடியும். வெளிச்சத்துல அத அடிச்சிக்க ஒண்ணும் இல்ல, நான் ஒத்துக்கிறேன். ஆனா சமைக்கிற எடத்துல வெயில் பட்டை தரைல விழுந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல, வெள்ளைப் பேப்பர்ல விழுந்தா கண்ணு கூசும். கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி பாசி புடிக்கும், ஆணி ஓட்டைல ஒழுகும், ஒழுகுறது புக்கு மேல. ஒரு சமரசத்துக்கு வந்தோம்: கெழக்கு வாசல்ல ஒரு சின்ன இஸ்தோப்பு (முன் திண்ணை), அதுக்கு மேல ட்ரான்ஸ்பரண்ட் ஷீட், கீழ பெஞ்சு. ஜனவரி குளிர்ல தாத்தாமாரு காலை வெயில்ல உக்காந்து பேப்பர் பார்ப்பாங்க, சத்தமா வாசிக்கிறதும் உள்ள படிக்கிற புள்ளைக்கு தொந்தரவு இல்ல. இஸ்தோப்புக்கு சிவப்பு சீமெந்து, அது அவங்க கேட்டது, வீடுன்னா செவப்புத் தரைதான்னு. உள்ளயும் செவப்பு கேட்டாங்க. உள்ள வெளிர் சாம்பல் நெறம்னு நான் புடிவாதமா நின்னேன், செவப்புத் தரை வெளிச்சத்த குடிச்சிரும்.

இந்த 'குடிக்கிறது' சின்ன விஷயம் இல்ல. அதே ஜன்னல், அதே கண்ணாடி, ஆனா உள்ள கறுத்த கல்லும் பூசாத தகரமும் செவப்புத் தரையுமா விட்டு, திருப்புற அளவு 0.3ன்னு வந்தா 3.3 சதவீதம் 2.7க்கு இறங்கிரும். சீலிங்கும் சுவரும் நல்ல வெள்ளையா 0.6 வரை கொண்டு போனா 3.8. ஒரு பக்கெட் சுண்ணாம்புல வாங்குற வெளிச்சம் இது, கண்ணாடிய பெருசாக்கி வாங்கப் போனா எத்தன மடங்கு காசு. பண்டாரவளையில ஜெப்ரி பாவா 1960கள் ஆரம்பத்துல செஞ்ச நல்லாயன் கன்னியர் மடத்து சிற்றாலயத்துல கல் சுவர் அப்படியே தெரியும், அழகுதான், பசங்க எல்லாரும் அது மாதிரி கல்ல விடுன்னாங்க. கும்புடுற எடத்துல இருட்டு ஒரு கனம் குடுக்கும். அல்ஜிப்ரா போடுற எடத்துல குடுக்காது. கல்ல வெளிப்பக்கம் விட்டேன், உள்பக்கம் சுண்ணாம்பு.

ஜன்னல் ஓரக் கல் சுவர் ஒண்ணரை அடி கனம்னு சொன்னேனே, அதோட மேல் விளிம்ப உள்பக்கமா சரிச்சு வெள்ளை பூசுறோம். மூடுபனி வானம் மங்கலா இருக்குற மாதிரி தெரியும், ஆனா இருட்டு ரூம்ல உக்காந்து அத பார்த்தா வெள்ளைத் திரை மாதிரி கண்ண உறுத்தும். வெளிச்சமான கண்ணாடிக்கும் நிழலான சுவருக்கும் நடுவுல அந்த சரிஞ்ச விளிம்பு ஒரு நடுத்தர வெளிச்சமா நிக்கிறப்ப கண்ணுக்கு படிப்படியா பழகிரும். பழைய கோயில், பங்களா எல்லாத்துலயும் கனமான சுவர்ல இத பண்ணிருப்பாங்க, புதுசு ஒண்ணும் இல்ல.

மேசைய எப்படி போடுறதுன்னு லூயி கான் 1970கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல எக்ஸெட்டர்ல முடிச்ச நூலகத்துல இருந்து எடுத்துக்கிட்டேன், அங்க புத்தகம் உள்ள இருட்டுல, வாசிக்கிற சின்ன மேசைகள் வெளிச்சுவர ஒட்டி ஜன்னலோட ஜன்னலா இருக்கும். எடுத்தத அப்படியே வைக்கல. ஜன்னல பார்த்து உக்காந்தா வானம் கண்ணுல, முதுக காட்டி உக்காந்தா தன் நிழல் புக்குல. அதனால மேசை எல்லாம் ஜன்னலுக்கு குறுக்க, கெழக்கு பார்த்து. கெழக்கு பார்த்து உக்காந்தா வடக்கு ஜன்னல் எடது கை பக்கம், வலது கையால எழுதுற புள்ளைக்கு கை நிழல் எழுத்துல விழாது. எடது கைக்காரங்களுக்கு ஒரு வரிசை மேக்கு பார்த்து. லயத்துல எடது கையால எழுதுற புள்ளைய இன்னும் கையில தட்டுறவங்க இருக்காங்க, தனியா ஒரு வரிசைன்னதும் ஒரு அம்மா 'அப்படி எல்லாம் போட்டா பழக்கம் மாறாதே'ன்னாங்க. மாற வேணாம் அக்கான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

மழைச் சத்தம் வெளிச்சத்துல சேராது, ஆனா தகரத்துக்கு கீழ படிக்கிற யாரும் அத விட்டுட்டு பேச விடமாட்டாங்க. பெரிய மழைல பக்கத்துல நிக்கிறவர் பேசுறது கேக்காது. தகரத்துக்கு கீழ அலுமினிய பாயில், அதுக்கு கீழ இடைவெளி விட்டு தும்புப் பாய், அதுக்கு கீழ வெள்ளை அடிச்ச சீலிங் பலகை. சத்தம் கொறையும், குளிர்ல தகரத்துக்கு அடில வேர்த்து சொட்டுறது நிக்கும், வெளிச்சத்த திருப்புற வெள்ளைப் பரப்பும் கெடைக்கும். ஒரே செலவுல மூணு வேலை, பட்ஜெட் ஷீட்ல இத மட்டும் யாரும் வெட்டச் சொல்லல.

கட்ட அனுமதி தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கெடக்கு, நெலம் அவங்க கையில, தோட்டத் தலைவர் மூலமா கடிதம் போயிருக்கு. அது வரைக்கும் டிசைன்ல கடைசியா மாத்தினது சுவிட்ச். வழக்கமா வாசலுக்கு பக்கத்துல இருந்து உள்ள போற வரிசையா லைட்ட கட்டுவாங்க, அஞ்சு மணிக்கு ஒரு சுவிட்ச தட்டினா ஜன்னல் ஓரமும் சேர்த்து எரியும். இதுல லைட் வரிசை ஜன்னலுக்கு இணையா, தெக்கு ஓரத்துக்கு ஒரு சுவிட்ச், நடுவுக்கு ஒண்ணு, வடக்கு ஜன்னல் ஓரத்துக்கு ஒண்ணு. தெக்கு ஓரம் மொதல்ல எரியும், ஜன்னல் ஓரம் கடைசில. எலக்ட்ரீஷியன் தம்பி வயர் கூட போகும்னு முணுமுணுத்தான், எவ்வளவு கூடன்னு கணக்கு போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கேன்.